‘த்’ தீர்ந்துபோன பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 74. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொரு கண் முறைக்குக் காத்திருக்கிறது. அதனால் சில மாதங்களாக உங்கள் நாளிதழை எனக்குப் படித்துக் காட்டுவது பேத்திதான். போன ஞாயிறு இணைப்பில் வந்த சொல் விளக்கத்தையும் அவள்தான் படித்தாள். “வண்ணம் என்றால் நிறம். பல நிறக் கற்பனைகள் நிறைந்த பாட்டு என்பதால் அதற்கு வண்ணப்பா என்று பெயர்” என்று போட்டிருந்தது. கீழே வண்ணப்பாப் புலவர் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளைப் பற்றி நாலு வரி. பக்கத்தில் ஏழு நிறத்தில் இறகு விரித்த ஒரு பறவைப் படம்.

“படம் எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டேன்.

“மயில் மாதிரி இருக்கு தாத்தா. ஆனா மயில் இல்ல.”

அந்தப் படத்துக்காகத்தான் இந்தக் கடிதம். நான் தமிழாசிரியன் அல்ல, புலவனும் அல்ல. அரக்கோணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் 31 வருடம் ஈய எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவன். பள்ளிப் படிப்பு பத்தோடு நின்றது. ஆனால் வண்ணம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று என் விரல்களுக்குத் தெரியும். அது எப்படி என்று சொன்னால் உங்களுக்கும் விளங்கும்.

எங்கள் அச்சகத்தில் ‘வண்ணம்’ என்ற சொல் தினமும் புழங்கியது, நீங்கள் எழுதிய அதே பொருளில். ஒரு வண்ணமா, இரு வண்ணமா என்று கேட்டுத்தான் நோட்டீசுக்கு விலை சொல்வார் முதலாளி. இரு வண்ணம் என்றால் டிரெடில் அச்சு இயந்திரத்தில் இரண்டு தடவை காகிதம் கொடுக்க வேண்டும், கூலி கூடும். மற்றபடி கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீசு, ரசீதுப் புத்தகம். இவ்வளவுதான் எங்கள் இலக்கியம்.

1974 கார்த்திகையில் ஒரு பெரியவர் வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், திருப்புகழ் பஜனைக் கோஷ்டியைச் சேர்ந்தவர். டிசம்பர் 31 இரவு திருத்தணி மலையில் படித் திருவிழா நடக்கும். மலைக்கு 365 படி, வருஷத்துக்கு 365 நாள். படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறுவார்கள். வெள்ளைக்காரத் துரைகளை வாழ்த்தப் போய் நிற்பதை விட்டுத் தணிகைத் துரையை வாழ்த்துங்கள் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்த வழக்கம் அது. கோஷ்டியில் எல்லார் கையிலும் பாட்டு இருக்கவேண்டும் என்று, 32 பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் அடித்துத் தரச் சொன்னார். எனக்கு அப்போது 23 வயது. ஃபோர்மேன் அந்த வேலையை என் தலையில் கட்டினார்.

முதல் பாட்டே ‘முத்தைத்தரு’. எழுத்தை வரியாக அடுக்கும் ஸ்டிக்கைக் கையில் பிடித்துக்கொண்டு எழுத்தைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

முத்தைத்தரு பத்தித் திருநகை
அத்திக்கிறை சத்திச் சரவண
முத்திக்கொரு வித்துக் குருபர எனவோதும்

இது அந்தப் பாட்டின் ஓர் அடி. இப்படி எட்டு. இந்த ஓர் அடியில் மட்டும் ‘த்’ எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். 8. ‘க்’ 3. ‘ச்’ 1. மெல்லினப் புள்ளி என்று பார்த்தால் கடைசியில் ஒரே ஒரு ‘ம்’. அடுத்த அடி ‘முக்கட்பர மற்குச் சுருதியின்’ என்று தொடங்கும். அதில் ‘த்’ கொஞ்சம் குறையும், ஆனால் ‘ற்’ மூன்றை விழுங்கும், ‘ட்’ இரண்டு போகும். ஈய எழுத்து காலத்தில் புள்ளி வைத்த ஒவ்வொரு எழுத்துக்கும் கேஸ் என்ற எழுத்துப் பெட்டியில் தனித்தனிக் கட்டம் உண்டு. இன்றைக்குப் போல விசையைத் தட்டினால் எத்தனை வேண்டுமானாலும் வராது. கட்டத்தில் இருக்கும்வரைதான் கை போகும். கல்யாணப் பத்திரிகைக்கு ‘நிகழும் மங்களகரமான’ என்று ஆரம்பித்தால் மெல்லினத்துக்கும் இடையினத்துக்கும்தான் கை போகும், ‘த்’ கட்டம் குறைந்ததே தெரியாது. திருப்புகழில் நாலாம் பக்கம் பாதியில் ‘த்’ காலி.

ஃபோர்மேன் எட்டிப் பார்த்தார். “என்னப்பா, ‘த்’ எல்லாத்தையும் தின்னுட்டியா?”

எழுத்து தீர்ந்தால் வேறோர் எழுத்தைத் தலைகீழாக நட்டு இடம் பிடித்து வைப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு வரிக்கு வரி தலைகீழ் எழுத்து. கடைசியில் நாலு நாலு பக்கமாக அடித்து, பிரித்துப் போட்டு, மறுபடி கோத்து, மறுபடி அடித்து முடித்தோம். வாடிக்கையாய் ஒரு வாரத்தில் முடிகிற வேலைக்குப் பதினேழு நாள் ஆயிற்று. முதலாளி முகத்தைப் பார்க்கவேண்டுமே!

புரூஃப் பார்க்கப் பெரியவர் வந்தபோது நடந்ததுதான் எனக்குப் பாடம். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “நீ படி தம்பி, நான் கேக்கிறேன்” என்றார். நான் படிக்கப் படிக்க, எழுத்தை அடுக்கி முடுக்கும் இரும்புப் பலகை மேல் விரலால் தட்டிக்கொண்டே வாய்க்குள் ‘தத்தத்தன தத்தத் தனதன’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். ‘வித்து குருபர’ என்று நான் படித்ததும் விரல் நின்றது.

“இங்க ஒரு படி இறங்கிடுச்சு பாரு. ‘தத்தத் தனதன’ வரணும். ‘தத்த தனதன’ வருது.”

பார்த்தால், ‘வித்துக்’ என்பதில் ‘க்’ விட்டுப்போயிருந்தது. வேறு எந்தப் புத்தகமானாலும் அது ஒற்றுப் பிழை, பொருள் கெடாது, பாதிப் பேர் கவனிக்கவும் மாட்டார்கள். இந்தப் பாட்டில் நடையே நொண்டிவிட்டது. கண்ணால் பார்க்காமல் காதால் ஒரு மனிதர் புரூஃப் திருத்தியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

“அது என்ன சாமி தத்தத்தன?” என்று கேட்டேன்.

“சந்தக் குழிப்பு. பாட்டோட ஓசை வாய்பாடு. இதுதான் அந்தப் பாட்டோட வண்ணம்” என்றார்.

ஐயா, அப்போது நானும் உங்கள் கட்டுரையாளரைப் போலத்தான் விழித்தேன். வண்ணம் என்றால் மை டப்பாவில் இருப்பது என்று நினைத்திருந்தவன் நான்.

அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். வெண்பாவோ ஆசிரியமோ எழுதுகிறவர் அசையைப் பார்த்தால் போதும். நேரா நிரையா, தளை தட்டுகிறதா, அவ்வளவுதான். ‘பத்து’ என்று போட்டாலும் ‘பந்து’ என்று போட்டாலும் அவருக்கு நேர்பு அல்லது நேர்நேர் என்று ஒரே கணக்கு. வண்ணத்தில் அது செல்லாது. குழிப்பில் ‘தத்த’ என்று இருந்தால் ‘பத்து’தான் வரவேண்டும். ‘பந்து’ வரவேண்டுமானால் குழிப்பில் ‘தந்த’ இருக்கவேண்டும். மெல்லினமே இரட்டித்தால் ‘தன்ன’, இடையினம் இரட்டித்தால் ‘தய்ய’. அசையின் அளவோடு எழுத்தின் இனமும் சேர்ந்து பொருந்தவேண்டும். இந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்றுகொண்டு 15ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலைக்காரர் அருணகிரிநாதர் ஆயிரக்கணக்கில் பாடினார். அதில் நமக்குக் கிடைத்தது 1,300 சொச்சம். அதுவும் வ.த. சுப்பிரமணிய பிள்ளை என்பவர் ஊர் ஊராக ஏடு தேடி, 1894-இல் முதல் பகுதியை அச்சேற்றியதால் கிடைத்தது. அந்தப் புத்தகத்தை அன்றைக்கு அச்சுக் கோத்தவர் எத்தனை ‘த்’ வைத்திருந்தாரோ! அவரை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கிறது.

இனி சொல்லுக்கு வருகிறேன். பள்ளிக்கூடக் கைடுகள் அடிக்கும்போது புரூஃப் பார்க்க ஒரு தமிழ் வித்துவான் வருவார். அவரைப் பிடித்துக்கொண்டேன். அவர்தான் தொல்காப்பியத்தைக் காட்டினார். செய்யுளியலில் செய்யுளின் உறுப்புகள் 34 என்று தொடங்குகிறதே, அதில் 26ஆவது வண்ணம். பிறகு ‘வண்ணந் தாமே நாலைந் தென்ப’ என்று சொல்லி 20 வண்ணத்துக்கும் பெயர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இலக்கணமும் சொல்கிறார் தொல்காப்பியர். உரையாசிரியர்கள் எல்லாரும் இங்கே வண்ணம் என்பதற்கு ஓசை வேறுபாடு என்றே பொருள் கொண்டார்கள். நிறத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அந்த இருபதில் எட்டு முழுக்க முழுக்க எழுத்துக் கணக்கு. வல்லிசை வண்ணத்தில் வல்லெழுத்து மிகும். மெல்லிசை வண்ணத்தில் மெல்லெழுத்து மிகும். இயைபு வண்ணம் இடையெழுத்துக்கு. நெடுஞ்சீர் வண்ணம் நெடிலுக்கு, குறுஞ்சீர் வண்ணம் குறிலுக்கு, சித்திர வண்ணம் இரண்டும் சமமாய் வருவதற்கு. அளபெடை வண்ணம் அளபெடைக்கு. நலிபு வண்ணம் ஆய்தத்துக்கு. இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது என் கேஸ் அல்லவா! வல்லிசை என்றால் ‘த்’ கட்டம் காலியாகும். மெல்லிசைக்கு உரைகாரர்கள் காட்டும் ‘பொன்னின் அன்ன புன்னை நுண்தாது’ என்ற வரியைக் கோத்துப் பாருங்கள், வல்லினப் புள்ளி ஒன்றுகூடத் தேவைப்படாது, ‘ன்’ கட்டம் மட்டும் சரசரவென்று இறங்கும். நலிபு வண்ணமும் அப்படியே. ஆய்தக் கட்டத்தில் தூசிதான் படிந்திருக்கும், மாதத்துக்கு ஒரு தடவை ‘அஃதாவது’ என்று யாராவது எழுதினால் உண்டு. ஒருமுறை ஒரு மன்றத்துக்காகத் திருக்குறள் அறத்துப்பால் கோத்தோம். வெஃகாமை அதிகாரத்துக்கு வந்தபோது பத்துக் குறளில் 13 ஆய்தம், தலைப்பையும் சேர்த்தால் 14. எங்களிடம் இருந்ததோ ஒன்பது.

மற்ற வண்ணங்கள் எதுகை, தொடர்ச்சி, நடை இவற்றைப் பற்றியவை. எல்லாவற்றையும் இங்கே எழுதினால் உங்கள் பத்தி தாங்காது. இரண்டு மட்டும் சொல்கிறேன், அவ்வளவு அழகு. முடியாதது போன்ற தன்மையில் முடிவது அகப்பாட்டு வண்ணம். முடிந்தது போலத் தோன்றி முடியாமல் நிற்பது புறப்பாட்டு வண்ணம். பாட்டு காதில் எப்படி நிற்கிறது என்பதைக்கூடப் பெயர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பிற்கால யாப்பு நூல்காரர்கள் இதை வேறு விதமாய்ப் பெருக்கினார்கள். தூங்கிசை, ஏந்திசை, அடுக்கிசை, பிரிந்திசை, மயங்கிசை என்று ஐந்து. அகவல், ஒழுகிசை, வல்லிசை, மெல்லிசை என்று நாலு. குறில், நெடில், வலி, மெலி, இடை என்று ஐந்து. பெருக்கினால் நூறு வண்ணம். ‘குறில் அகவல் தூங்கிசை வண்ணம்’ என்று பெயர் போகும். எனக்கு இதைவிடத் தொல்காப்பியரின் இருபதே பிடித்திருக்கிறது. அது கேட்டுச் சொன்ன கணக்கு மாதிரி இருக்கிறது, இது பெருக்கிச் சொன்ன கணக்கு.

சரி, நிறத்தைக் குறிக்கும் சொல் ஓசைக்கு எப்படி வந்தது? உங்கள் கட்டுரையாளர் ‘நிறமான கற்பனை’ என்று உவமை பண்ணிப் பாலம் போட்டுவிட்டார். அவ்வளவு தூரம் சுற்றவே வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் வண்ணத்தை வடமொழி வர்ணத்திலிருந்து வந்ததாகப் போட்டிருக்கிறது. பாகதத்தில், அதாவது பிராகிருதத்தில், அதன் வடிவம் ‘வண்ண’. வடமொழியில் வர்ணம் என்றால் நிறம் என்பது ஒரு பொருள். எழுத்து, எழுத்தின் ஒலி என்பது இன்னொரு பொருள். அங்கே வர்ணமாலை என்றால் நம் நெடுங்கணக்கு. ஆக, அந்தச் சொல் ஒரு கையில் நிறத்தையும் ஒரு கையில் எழுத்தொலியையும் வைத்துக்கொண்டுதான் இருந்தது. வல்லெழுத்து மிகுமா மெல்லெழுத்து மிகுமா என்று பார்க்கிற ஒரு கணக்குக்கு அந்தப் பெயர் பொருந்துவதில் என்ன வியப்பு? எட்டு வண்ணம் எழுத்துக் கணக்கு என்று மேலே சொன்னேனே, அதைத்தான் நான் சாட்சிக்கு அழைப்பேன். வண்ணம் தமிழ் வேரில் பிறந்த சொல் என்று மொழியறிஞர் பாவாணர் வழியில் வருகிறவர்கள் சொல்வார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எங்கே பிறந்திருந்தாலும் தொல்காப்பியத்தில் இருபது பிள்ளை பெற்ற சொல் அது, இந்த ஊர்க்காரிதான்.

நிறம் என்ற பொருளும் பழையதே. புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் ‘காமர் வண்ண மார்பின்’ என்று வருகிறது. வடம வண்ணக்கன் தாமோதரனார் என்று ஒரு சங்கப் புலவர் பெயர் பார்த்திருப்பீர்கள். வண்ணக்கன் என்றால் பொன்னையும் நாணயத்தையும் சோதித்துப் பார்க்கிறவர். அதைப் படித்துவிட்டு அவர் வண்ணப்பா பாடியவர் என்று யாராவது எழுதிவிடப் போகிறார்கள், இப்போதே சொல்லி வைக்கிறேன்.

சந்தம் என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. வேதத்தின் யாப்புக்குப் பெயர் சந்தஸ். அதற்கு ‘மூடுவது’ என்ற வேரைக் காட்டுகிறார், வேதச் சொற்களுக்கு விளக்கம் சொல்லும் நிருக்தம் எழுதிய யாஸ்கர். வர்ணத்துக்கும் மூடுதல் என்ற பொருளுள்ள வேரையே காட்டுவார்கள் என்று எங்கள் வித்துவான் சொல்வார். தமிழுக்கு வந்த சந்தம், அழகு என்றும் ஆயிற்று. சந்தன மரத்துக்கும் சந்தம் என்று பெயர் உண்டு. இன்றைக்குச் சினிமாவில் மெட்டுக்குச் சொல் எழுதுகிறவர்கள் ‘தனனா தன்னானா’ என்று போட்டுப் பார்க்கிறார்களே, தத்தகாரம் என்று, அது அந்தப் பெரியவர் இரும்புப் பலகையில் தட்டியதன் பேரப்பிள்ளை.

கம்பரை விட்டுவிட்டு வண்ணத்தைப் பற்றிப் பேச முடியாது. அகலிகைப் படலத்தில் ‘இவ்வண்ணம் நிகழ்ந்த வண்ணம்’ என்று தொடங்கும் பாட்டில் வண்ணம் எட்டு இடத்தில் வருகிறது. இவ்வண்ணம் என்றால் இப்படி. மைவண்ணம், மழைவண்ணம் நிறம். ‘கைவண்ணம் அங்குக் கண்டேன் கால்வண்ணம் இங்குக் கண்டேன்’ என்னும்போது திறம். ஓசை என்ற பொருளில் மட்டும் ஓரிடத்திலும் இல்லை என்று சொல்லலாம். ஆனால் சொன்ன சொல்லே திரும்பத் திரும்ப வந்து சிறப்பதற்கு ஏந்தல் வண்ணம் என்று பெயர் வைத்திருக்கிறார் தொல்காப்பியர். என் கணக்கில், சொல்லால் சொல்லாமல் விட்ட ஐந்தாவது பொருளைக் கம்பர் பாட்டாகவே செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார். ‘ஐந்தாவது’ என்றா சொன்னேன்? இப்படி, நிறம், திறம். நாலாவது. பேத்தி திருத்துகிறாள்.

அவளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொள்கிறாள். கீதம் முடிந்து வர்ணம் தொடங்கியிருக்கிறாள். பச்சிமிரியம் ஆதியப்பையாவின் பைரவி வர்ணம், அட தாளம், ‘விரிபோணி’, அதைப் பாடுகிற நாள் வரவேண்டும் என்று இப்போதே கனவு. உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, “அப்ப வர்ணம்னா அதுவும் கலரா தாத்தா?” என்று கேட்டாள். அதே சொல்தான். ஒருமுறை பாகதம் வழியாக வண்ணமாக வந்து செய்யுளில் குடியேறியது. இன்னொருமுறை வர்ணமாகவே வந்து பாட்டு வகுப்பிலும் பெயின்ட் கடையிலும் நிற்கிறது. இரண்டு இடத்திலும் ஒரு கால் ஓசையில்தான் ஊன்றியிருக்கிறது என்று அவளுக்குச் சொன்னேன். பிறகு ‘முத்தைத்தரு’வைத் தட்டிக் காட்டினேன். மேசை மரம், இரும்பு மாதிரி வராது. ஆனாலும் பிடித்துக்கொண்டாள்.

கடைசியாக அந்தப் பறவை. தண்டபாணி சுவாமிகள் 1839-இல் பிறந்து 1898-இல் மறைந்தவர், திருநெல்வேலியில் பிறந்து விழுப்புரம் பக்கம் திருவாமாத்தூரில் மடம் கண்டவர். வண்ணப் பாட்டுக்கென்றே ‘வண்ணத்தியல்பு’ என்று இலக்கணம் எழுதியவர். வண்ணம் பாடுவதில் சரபம் போன்றவர் என்பதால் வண்ணச்சரபம். சரபம், சிங்கத்தையும் வெல்லும் என்று புராணம் சொல்லும் எட்டுக்கால் விலங்கு. அதற்கு இறகு போடுவது உங்கள் ஓவியர் விருப்பம், கோயில் சிற்பங்களிலும் இறகு உண்டு. ஏழு நிறம் மட்டும் வேண்டாம். கறுப்பு மை ஒன்றே போதும்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு மூலையில் இரண்டு வரி திருத்தம் போட்டால் போதுமானது.

இப்படிக்கு,
ஒரு பழைய கம்பாசிட்டர்,
அரக்கோணம்.

பி.கு.: கடிதம் நீளம் என்று எனக்கே தெரிகிறது. வெட்டுவதானால் நூறு வண்ணக் கணக்கை வெட்டுங்கள், சந்தத்தை வெட்டுங்கள், என் கண்புரையையும் வெட்டிக்கொள்ளலாம். ‘முத்தைத்தரு’ வரியில் மட்டும் ஒரு புள்ளி எழுத்தும் விடாமல் போடச் சொல்லுங்கள். ‘வித்துக்’ என்பதில் ‘க்’ உண்டு.